மூன்று பத்துக்கு எடுத்த இரத்தம்

என் பணிக்குறிப்பேட்டில் ஒரு வரி இப்படி இருக்கிறது:

"நோன்பு 22. திங்கள். நஸீரா, மருதமுனை. எடை 77. எடுத்தது பி.ப. 3.10. மின்சாரம் நின்றது 3.18. சுழற்றியது 5.04. குளுக்கோஸ் 52. மாதிரி தகுதியற்றது."

கடைசி இரண்டு சொற்களையும் ஒரே கோட்டால் வெட்டியிருக்கிறேன். வெட்டிய நேரம் 5.31 என்று ஓரத்தில் சிறிய எழுத்தில் உண்டு.

ஆய்வுகூட வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் இந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நஸீரா என்பது அவரது உண்மையான பெயர் அல்ல. எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். பெயரை மாற்றி எழுதச் சொன்னார். ஆங்கிலத் திகதியைச் சொன்னால் எங்கள் ஊர்களில் ஆளைக் கண்டுபிடிக்க அரை நாள் போதும். அதனால் நோன்புக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறேன். திகதி இல்லாமல் எழுதுவது எனக்குக் கை ஒன்றைக் கட்டிவிட்டு எழுதுவது போல இருக்கிறது. ஆனாலும் அப்படித்தான்.

அந்த வருடம் எங்கள் ஆஸ்பத்திரிக் கிளினிக்கின் இளம் மருத்துவர் ஒருவர் மேற்படிப்புக்காக, உடல் பருத்த பெண்களின் இரத்த மாதிரிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். கொழுப்பிலிருந்து சுரக்கும் ஓமோன்களை அளப்பது அவர் நோக்கம். இரத்தம் எடுப்பதும், பிரிப்பதும், கொழும்புக்கு அனுப்பும்வரை உறைய வைத்துக் காப்பதும் என் பொறுப்பு.

நான் பயிற்சி பெற்ற காலத்துப் புத்தகங்களில் கொழுப்புக்கு அரைப் பக்கம்தான் இருந்தது. மிஞ்சிய உணவைக் கட்டி வைக்கும் மூட்டை என்றே படித்தோம். அது ஒரு சுரப்பியும்தான் என்று பின்னால்தான் வாசித்து அறிந்தேன். கொழுப்புக் கலம் லெப்டினை அனுப்பி, போதும் என்று மூளைக்குச் சொல்கிறது. அடிபோனெக்டினை அனுப்பி, இன்சுலின் சொல்வதைத் தசையும் ஈரலும் கேட்கும்படி செய்கிறது. உடல் பருக்கும்போது அந்தக் கலம் அளவுக்கு மிஞ்சி வீங்குகிறது. இரத்தம் சரியாக எட்டுவதில்லை, ஒட்சிசன் போதுவதில்லை. உள்ளே ஒருவகைத் துருப்பிடிப்பு தொடங்குகிறது. ஒட்சியேற்ற அழுத்தம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். துருப்பிடித்த கலம் அடிபோனெக்டினைக் குறைத்துவிடுகிறது. லெப்டினைக் கூட்டுகிறது, ஆனால் மூளை அதைப் பொருட்படுத்துவதில்லை. இன்சுலினையும் உடல் கேட்காமல் விடுகிறது. காது மந்தமானவரிடம் நாம் சத்தமாகக் கதைப்பதில்லையா, அதுபோல மருத்துவர் இன்சுலினைக் கூட்டும் மாத்திரையைக் கொடுக்கிறார். நீரிழிவுக்காக நஸீராவுக்குக் கொடுத்திருந்தது அந்த வகை மாத்திரை.

நஸீராவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. மருதமுனையில் வீட்டுத் தறியில் சாரி நெய்பவர். முதல் முறை வந்தபோது எடை எண்பத்தாறு. மருத்துவர் சொன்னதை அந்த ஆய்வுக்கு வந்தவர்களில் ஒழுங்காகக் கேட்டவர் அவர் ஒருவர்தான். சோற்றைக் குறைத்தார். கணவரின் தங்கை பரீனாவோடு தினமும் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கடற்கரையில் நடந்தார்.

"நாங்க ரெண்டு பேரும் வாறதக் கண்டா நண்டெல்லாம் வழி விட்டுப் போகுது காக்கா," என்று ஒரு தடவை சொன்னார். அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்றுதான் அழைப்பார்.

இனி எங்கள் தவறு. வெறும் வயிற்றில் இரத்தம் தர வேண்டும் என்றால் ஆட்கள் வரமாட்டார்கள், அல்லது பிளேன்டீ குடித்துவிட்டு வந்து குடிக்கவில்லை என்பார்கள். நோன்பு மாதத்தில் அந்தச் சிக்கலே இல்லை. விடியுமுன் சஹர் உணவு உண்டு பத்து மணித்தியாலம் கழித்து, பிற்பகலில் வந்தால் எல்லோரும் வெறும் வயிறு. யாரிடமும் கேள்வி கேட்கத் தேவையில்லை. இந்த யோசனையைச் சொன்னவன் நான். மருத்துவர் சந்தோஷப்பட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நோன்பு பிடிக்கும் ஊரில் பிறந்தவனுக்குத்தான் இந்த வசதி தோன்றும் என்று நினைத்துக்கொண்டேன். சஹரில் விழுங்கிய மாத்திரையும் அதே வெறும் வயிற்றில் அதே பத்து மணித்தியாலம் இரத்தச் சீனியை இறக்கிக்கொண்டிருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

அன்று மூன்று மணிக்கு நஸீரா வந்தார். எடை பார்த்தேன். எழுபத்தேழு. எழுதினேன்.

"எத்தன நோன்பு?" என்று கேட்டேன்.

"இண்டையோட இருவத்திரெண்டு. ஒண்டும் விடல்ல. சீனி வருத்தம் வந்து மூணு வருஷத்துல ஒரு நோன்பு மாசமும் எனக்கு முழுசாக் கிடைக்கல்ல காக்கா. இந்த முறைதான்."

"இன்னும் எட்டு."

"ஏழோ எட்டோ, பிறை கண்டாப் பொறகு சொல்றன்."

கையை நீட்டினார். விரல்கள் இலேசாக நடுங்கின. அவரே அதைக் கண்டு சொன்னார்: "கையெல்லாம் நடுங்குது. நோன்புதானே."

என் கையை நீட்டிக் காட்டினேன். அதுவும் நடுங்கியது. இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

குளுக்கோஸ் பார்க்க ஒரு தனி டியூப் உண்டு. இரத்தக் கலங்கள் சீனியைத் தின்னாமல் தடுக்கும் மருந்து அதில் இருக்கும். அந்த வாரம் அது முடிந்திருந்தது. மருந்தில்லாத சாதாரண டியூபில் எடுத்தேன். உடனே இயந்திரத்தில் சுழற்றிக் கலங்களைப் பிரித்துவிட்டால் பிரச்சினை இல்லை. ஓமோனுக்கான டியூப்களை ஐஸ் பெட்டியில் வைத்தேன். குளுக்கோஸ் டியூபைத் தாங்கியில் நிறுத்தினேன். இரத்தம் உறையச் சில நிமிடம் வேண்டும். நஸீரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு புறப்பட்டார். மூன்று பதினெட்டுக்கு மின்சாரம் போனது.

ஜெனரேட்டர் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கும் நோயாளர் விடுதிகளுக்கும்தான். எங்கள் அறைக்கு அது எட்டாது. பத்து நிமிடத்தில் வந்துவிடும் என்று நினைத்தேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி அப்படியே நினைத்தேன். அந்த டியூபையும் எடுத்து ஐஸில் வைத்திருந்தால் சீனி கரைவது மெதுவாகியிருக்கும். வைக்கவில்லை. அஸர் தொழுதுவிட்டு வந்தபோதும் டியூப் தாங்கியில் நின்றது. அறை வேகிக்கொண்டிருந்தது. எனக்கு நா வறண்டிருந்தது. ஐந்து இரண்டுக்கு மின்சாரம் வந்தது. ஐந்து நான்குக்குச் சுழற்றினேன். ஐந்து இருபதுக்கு இயந்திரம் 52 என்றது.

தாழ்ந்த பெறுமானம் வந்தால் மருத்துவருக்கு அறிவிக்க வேண்டும். எங்கள் மருத்துவர் அன்று பரீட்சைக்காகக் கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் இருந்தார். தொலைபேசியில் எடுத்தேன்.

"நஸீராட குளுக்கோஸ் அம்பத்திரெண்டு, டொக்டர். ஆனா கரண்ட் நிண்டதால டியூப் ரெண்டு மணித்தியாலம் சும்மா நிண்டிருக்கு."

"எந்த டியூப்?"

"சாதாரண டியூப்."

"அப்ப அது இலக்கமே இல்லையே காக்கா. வெட்டி விடுங்க. நாளைக்கு வரச் சொல்லித் திரும்ப எடுப்பம்."

பஸ்ஸின் இரைச்சல் பெரிதானது. தொடர்பு அறுந்தது.

அவர் சொன்னதில் தவறே இல்லை. நீங்கள் படித்த விதியும் அதுதான். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். புத்தகம் சொல்கிறபடி பார்த்தால் மூன்று பத்துக்கு அறுபதுக்குக் கிட்ட இருந்திருக்கலாம். அறையின் சூட்டையும் சேர்த்தால் எழுபதாகக்கூட இருந்திருக்கலாம். எழுபது என்றால் பயமில்லை. "மாதிரி தகுதியற்றது" என்று எழுதினேன். வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். நோன்பு திறக்க இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது. வீட்டில் கஞ்சி காத்திருந்தது.

போகும் முன் அன்றைய எடைகளை ஆய்வு அட்டைகளில் பதிய வேண்டும். நஸீராவின் அட்டையை எடுத்தேன். எடை நிரலில் எண்பத்தாறு, எண்பத்துநான்கு, எண்பத்தொன்று என்று என் கையெழுத்தே இருந்தது. கீழே எழுபத்தேழு என்று எழுதினேன். பக்கத்து நிரல் மாத்திரைக்கு உரியது. முதல் வரியில் மாத்திரையின் பெயரும் அளவும் இருந்தன. அதற்குக் கீழே "அதே அளவு". அதற்குக் கீழே "அதே அளவு". அவையும் என் கையெழுத்துத்தான்.

பேனையை வைத்துவிட்டு அந்த இரண்டு நிரல்களையும் பார்த்தபடி நின்றேன். எடை ஒன்பது கிலோ இறங்கியிருக்கிறது. அப்படியென்றால் வீங்கிய கலங்கள் சுருங்கியிருக்கின்றன. துரு குறைந்திருக்கும், அடிபோனெக்டின் ஏறியிருக்கும், உடல் மறுபடி இன்சுலினைக் கேட்கத் தொடங்கியிருக்கும். நாங்கள் ஆய்வில் தேடியதே அதுதான். ஆனால் காது திறந்த பிறகும் அவரிடம் நாங்கள் பழைய சத்தத்திலேயே கதைத்துக்கொண்டிருந்தோம். எண்பத்தாறு கிலோ உடம்புக்குக் கொடுத்த மாத்திரையை எழுபத்தேழு கிலோ உடம்பு, பதின்மூன்று மணித்தியாலமாக ஒன்றும் தின்னாமல், சுமந்துகொண்டிருந்தது. ஐந்து இருபத்தேழு. அவர் போய் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிவிட்டது.

டியூப் நின்ற இரண்டு மணித்தியாலத்தைத்தான் அதுவரை எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் நின்ற இரண்டு மணித்தியாலத்தை எண்ணவில்லை.

மருத்துவரை மறுபடி அழைத்தேன். கிடைக்கவில்லை. அட்டையில் இருந்த தொலைபேசி இலக்கம் பரீனாவுடையது. எடுத்தார்.

"ஆஸ்பத்திரி லெப்ல இருந்து கதைக்கன், தங்கச்சி. நஸீரா எங்க?"

"அவ படுத்திரிக்கா. ஏன் காக்கா?"

"எப்ப படுத்த?"

"வந்த உடன கொஞ்சம் தறியில இருந்தா. பொறகு தலை சுத்துதெண்டு போய்ப் படுத்துட்டா. இந்த நேரம் எங்கட வளவுல எல்லாரும் படுத்துத்தான் கிடக்கு. நான் ஒருத்திதான் கஞ்சிச் சட்டியோட நிக்கிறன்."

"வேர்த்திரிக்கா எண்டு பாருங்க."

"கரண்ட் நிண்டதுதானே. இந்த வேக்கையில யாருக்குக் காக்கா வேர்க்கல்ல?"

என் பயம் இன்னும் கூடியது. தலைசுற்று, வேர்வை, நடுக்கம், தூக்கம், எரிச்சல். சீனி இறங்கினால் வரும் அறிகுறிகள் எல்லாம் நோன்பு நேரத்துப் பிற்பகலில் எங்கள் ஊர்களில் எல்லா வீட்டிலும் இருக்கும். ஒருவர் தூங்குகிறாரா, மயங்குகிறாரா என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை.

"எழுப்புங்க."

"முக்கால் மணித்தியாலத்துல நோன்பு திறக்கப் பாங்கு சொல்லிருவாங்க. இப்ப எழுப்பினா என்னைத்தான் ஏசுவா."

"ஏசட்டும். எழுப்புங்க."

தொலைபேசியோடு அவர் நடந்து போவது கேட்டது. "மச்சி, எழும்புங்ககா. லெப்காரர் கதைக்கார்." மறுபடி கூப்பிட்டார். பிறகு நஸீராவின் குரல், தடித்து: "விடுகா என்னை."

"பாத்தீங்களா," என்றார் பரீனா. "ஏசுறா. நல்லாத்தான் இரிக்கா."

நல்லாத்தான் இருக்கிறாரா என்று எப்படி அறிவது? பெயரைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். அவருக்குத் தவறவே முடியாத ஒன்றைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்.

"தறியில இப்ப கிடக்கிற சாரிக்கு என்ன கரை எண்டு கேளுங்க."

"என்னத்துக்கு?"

"கேளுங்க தங்கச்சி."

கேட்டார். இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது. பிறகு அவர் என்னோடு கதைத்தபோது குரல் மாறியிருந்தது.

"பச்சையெண்டுறா காக்கா. தறியில கிடக்கிறது சிவப்பு. காலையில நான்தான் நூல் சுத்திக் குடுத்தன்."

"மாத்திரை எப்ப போட்ட?"

"காலையில போடுறத நோன்புக்குச் சஹருக்கு மாத்தி வெச்சிரிக்கா."

"அரைவாசியா, முழுசா?"

"முழுசு. எப்பவும் போடுறதுதான்."

"சீனித் தண்ணி கரைச்சிக் குடுங்க. இப்பவே."

அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம் கேட்டது.

"காக்கா, இருவத்திரெண்டும் பிடிச்சவ. நான் குடுத்து முறிஞ்சா, மௌத்தாகிற வரைக்கும் என்னோட கதைக்கமாட்டா. டொக்டர் சொன்னாரா?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல் போதும், உடனே கொடுத்திருப்பார். ஆனால் மருத்துவர் சொன்னது வேறு.

"இல்ல. நான் சொல்றன்."

"நீங்க லெப்தானே?"

"ஓம். லெப்தான்."

"மிசின்ல எவ்வளவு?"

"அம்பத்திரெண்டு."

பொய் இல்லை. இயந்திரம் சொன்னது அதுதான். ஆனால் அந்த டியூப் எவ்வளவு நேரம் நின்றது என்பதைச் சொல்லவில்லை. சொன்னால் கொடுக்கமாட்டார் என்று தெரிந்தே சொல்லவில்லை. இந்த வேலையில் நான் செய்தவற்றுள் இன்னும் தீர்ப்புச் சொல்ல முடியாமல் வைத்திருப்பது இதை மட்டும்தான்.

"தங்கச்சி, வருத்தக்காரருக்கு அல்லாஹ் விலக்குத் தந்திரிக்கான். நோன்பு போனா பொறகு ஒரு நாள் பிடிச்சிக் களாச் செய்யலாம். ஆள் போனா ஒண்டும் செய்ய ஏலா. நிமிர்த்தி இருத்துங்க. கொஞ்சம் கொஞ்சமாக் குடுங்க. விழுங்காட்டி ஊத்த வேணாம். சீனியக் கன்னத்துக்குள்ள தடவுங்க. நான் வாறன்."

கோப்பையில் கரண்டி மோதும் சத்தம் கேட்டது. அதைக் கேட்ட பிறகுதான் "மாதிரி தகுதியற்றது" என்பதை வெட்டினேன். மாதிரி தகுதியற்றதுதான். அதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்தச் சொற்களை எழுதியதும் வேலை முடிந்தது என்று என் வெள்ளைக் கோட்டைக் கழற்றினேன் அல்லவா? அதனால் வெட்டினேன்.

விடுதிக்குச் சொல்லிவிட்டு, கையடக்கச் சீனிமானியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். மருதமுனைக்குச் சாதாரண நாளில் மோட்டார் சைக்கிளில் பதினைந்து நிமிடம். நோன்பு திறக்கும் முன் பிரதான வீதியில் அது நடக்காது. கஞ்சிக்கும் சமோசாவுக்கும் பெட்டிஸுக்கும் முழு ஊரும் வீதியில் நின்றது. ஒவ்வொரு கூட்டத்திலும் கால் ஊன்றி நிற்க வேண்டியிருந்தது. பரீனா விழுங்க வைத்திருப்பாரா? புரைக்கேறியிருக்குமா? அல்லது இதெல்லாம் ஒன்றுமில்லையோ? எழுபதோ எண்பதோ இருந்த ஒரு பெண்ணைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, என் அழுக்கு டியூபின் பேரில் நோன்பை முறித்துவிட்டேனோ? இரண்டு பயமும் மாறி மாறி வந்தன. ஒன்று வரும்போது மற்றதே நடந்திருக்கக்கூடாதா என்று இருந்தது.

ஐந்து ஐம்பத்தேழுக்கு வாசலில் நின்றேன். நஸீரா தறிக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்து, முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தார். கண் தெளிவாக இருந்தது. முகம் ஈரமாக இருந்தது. வேர்வையா கண்ணீரா தெரியவில்லை. விரலில் குத்திப் பார்த்தேன். 94.

சீனித் தண்ணீர் குடித்து இருபத்தைந்து நிமிடத்துக்குப் பிறகு 94. குடிப்பதற்கு முன் எவ்வளவு என்பதை அந்த இலக்கம் சொல்லாது.

"இன்னும் பதினைஞ்சு நிமிஷம் காக்கா," என்றார் நஸீரா. "கொஞ்சம் பொறுத்திருக்கலாமே."

பரீனா என்னைப் பார்த்தார். நான் தறியைப் பார்த்தேன். சிவப்புக் கரைதான்.

பள்ளியில் பாங்கு சொன்னார்கள். பரீனா ஒரு பேரீச்சம்பழமும் கோப்பையில் கஞ்சியும் வைத்தார். நான் நோன்பு திறந்தேன். நஸீரா திறக்க ஒன்றும் இல்லாதவராகச் சும்மா உட்கார்ந்திருந்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு கசந்த பேரீச்சம்பழம் தின்றதில்லை.

அந்த வகை மாத்திரை ஒரு கோப்பைச் சீனித் தண்ணீரோடு அடங்கிவிடாது, சீனியை மறுபடி இறக்கும். அதைச் சொல்லி, சாப்பிட வைத்து, நஸீராவை அவர் கணவரின் முச்சக்கரவண்டியில் விடுதிக்குக் கொண்டுவந்தோம். இரவு பார்த்த அளவுகள் எல்லாம் சாதாரணமாக இருந்தன. சாப்பிட்டிருந்தார், அவை வேறு எப்படி இருக்கும்? மறுநாள் மருத்துவர் தொலைபேசியில் மாத்திரையைப் பாதியாக்கி, அதையும் நோன்பு திறந்த பிறகு போடச் சொன்னார்.

"எடைய ஏன் காக்கா முதல்ல சொல்லல்ல?" என்று கேட்டார். "நீங்க டியூபச் சொன்னீங்க. நான் டியூபுக்குப் பதில் சொன்னன்."

"நீங்களும் கேக்கல்ல டொக்டர்."

"கேக்கல்ல," என்றார். "ரெண்டாம் தரம் நான் கிடைச்சிருந்தாலும் முதல்ல நாளைக்கு எடுங்க எண்டுதான் சொல்லியிருப்பன். கிடைக்காததே நல்லம்," என்றார்.

தம்பி, தங்கச்சி, தாழ்ந்த இலக்கம் ஒன்றைத் தொலைபேசியில் சொல்லும்போது இலக்கத்தின் குறையை முதலில் சொல்லாதீர்கள். ஆளை முதலில் சொல்லுங்கள்: எத்தனை வயது, எடை ஏறியதா இறங்கியதா, என்ன மாத்திரை, எப்போது கடைசியாகச் சாப்பிட்டார், இப்போது எங்கே. குறையை அதன் பிறகு சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். நான் மருத்துவரிடம் குறையை மட்டும் சொன்னேன், பரீனாவிடம் அதை மட்டும் மறைத்தேன். இரண்டு இடத்திலும் முழுதாகச் சொல்லவில்லை. எடை குறைந்தவரைக் கண்டால் பாராட்டுங்கள், ஆனால் அதே நேரம் பயப்படுங்கள். கொழுப்பு மாறினால் ஓமோன் மாறும். ஓமோன் மாறினால் நேற்றைய மாத்திரை இன்றைக்குப் பொருந்தாது. மாத்திரை நிரல் மருத்துவருடையது, நமக்கில்லை என்று விட்டுவிடாதீர்கள். நான் நான்கு எடைகளை எழுதிய கையாலேயே பக்கத்து நிரலில் "அதே அளவு" என்று எழுதினேன். ஒரு தரம்கூட இரண்டையும் சேர்த்து வாசிக்கவில்லை.

நோன்பு மாதப் பிற்பகலில் ஆய்வுக்கு இரத்தம் எடுப்பதை அன்றோடு நிறுத்தினோம்.

பெருநாளைக்குப் பிறகு வந்த கிளினிக்கில் நஸீராவிடம் டியூப் நின்ற கதையைச் சொன்னேன். பரீனாவும் பக்கத்தில் இருந்தார். நஸீரா கேட்டார்:

"அப்ப அண்டைக்கு எனக்குக் குறைஞ்சிருக்காமலும் இருந்திருக்கலாம்?"

"இருந்திருக்கலாம்."

"எண்டா என்ட நோன்பு சும்மா போச்சு?"

"அதுவும் இருக்கலாம். தெரியா."

"தெரியாமலா குடுக்கச் சொன்னீங்க?"

"ஓம். தெரியாமத்தான்."

எழுந்து போய்விட்டார். பரீனா திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். நஸீரா இனி வரமாட்டார், மாத்திரையையும் விட்டுவிடுவார் என்று மூன்று வாரம் பயந்துகொண்டிருந்தேன்.

நான்காவது வாரம் ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு லெப் வாசலில் நின்றார். தனியாக.

"இண்டைக்கு அந்த நோன்பக் களாச் செய்றன்," என்றார். "அதே நேரம். எடுத்துப் பாருங்க. எனக்குத் தெரியணும்."

மூன்று பத்துக்கு எடுத்தேன். இந்த முறை சரியான டியூப். மின்சாரம் இருந்தது. காத்திருக்கச் சொல்லி, அவர் கண் முன்னாலேயே சுழற்றினேன். 79.

"அப்ப அண்டைக்கும் இதுதான்," என்றார்.

"இல்ல. இப்ப நீங்க பாதி மாத்திரை. அதுவும் ராவைக்குப் போடுறது. இது இண்டைக்கு உள்ள கணக்கு."

"அண்டைய கணக்கு?"

நான் 79ஐக் குறிப்பேட்டில் எழுதினேன். அவர் அந்த இலக்கத்தையே பார்த்தார். பிறகு சிரித்தார்.

"பச்சைக் கரை அடுத்த ஓடர் காக்கா. அதுக்கு நூல் எங்க எடுக்கிறதெண்டு யோசிச்சிக்கொண்டுதான் படுத்தன். கனவுலயும் அதுதான். பரீனா மச்சி நம்புறா இல்ல. எனக்கு மயக்கமெண்டே சொல்லித் திரியிறா."

"நீங்க நம்புறீங்களா?"

"சில நாள் நம்புறன்," என்றார். "சில நாள் ராவைக்குப் படுக்கப் பயமா இரிக்கும். மச்சியப் பக்கத்துல படுக்கச் சொல்றன்."

ஓமோன் முடிவுகள் கொழும்பிலிருந்து வந்தபோது நஸீராவின் வரியை முதலில் தேடினேன். முதல் மாதிரியைவிட நோன்பு இருபத்திரண்டின் மாதிரியில் அடிபோனெக்டின் ஏறியிருந்தது. அது எளிதில் கெடாத ஓமோன். அந்த ஏற்றத்தை நம்பலாம். அவரது கொழுப்பு திருந்திக்கொண்டிருந்தது, உடல் இன்சுலினைக் கேட்கத் தொடங்கியிருந்தது என்ற என் ஊகத்துக்கு அது துணை நிற்கிறது. நிரூபிக்கவில்லை. ஓமோன்களோடு சேர்த்துப் பார்த்த ஒட்சியேற்ற அளவை மட்டும் அவரது வரியில் வெட்டிவிட்டார்கள். அன்றைய மின்வெட்டில் ஐஸ் உருகி, அந்த டியூபும் சூட்டில் நின்றிருந்தது. உடம்பின் துருவையும் டியூபில் ஏறிய துருவையும் பிரித்தறிய வழியில்லை.

ஓய்வுபெறும் முன் அந்த வரியின் கீழ் இன்னொரு வரி சேர்த்தேன். நீங்கள் அந்தக் குறிப்பேட்டை எப்போதாவது பார்க்க நேர்ந்தால் குழம்பக்கூடாது என்பதற்காக அதையும் இங்கே தருகிறேன்:

"நோன்பு 22, பி.ப. 3.10க்கும் 5.31க்கும் நஸீராவின் உண்மையான குளுக்கோஸ் அளவு: தெரியாது. உறுதிப்படுத்தப்படவில்லை. இனி உறுதிப்படுத்தவும் முடியாது."